ஸ்டர் என்று முடியும் சொற்கள்

அச்சகத்தில் அவளுக்கு ‘ஸ்பின்ஸ்டர்’ என்றே பெயர். முப்பது வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை, போதாதா? முதலாளி முதல் பைண்டர் வரை முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். பிழை திருத்துகிற கண்ணுக்கு அது தெரியாமல் போகுமா? ஒருநாள் வீம்புக்கு அகராதியைப் புரட்டினாள். அந்தச் சொல் ஒரு காலத்தில் நூல் நூற்றுப் பிழைக்கும் பெண்ணைக் குறித்ததாம். அன்றைக்குப் பிடித்தது பைத்தியம்.

நெய்தவள் வெப்ஸ்டர், ரொட்டி சுட்டவள் பேக்ஸ்டர், பீர் வடித்தவள் ப்ரூஸ்டர். உழைத்துச் சம்பாதித்த பெண்களுக்கென்று இருந்த வால் அந்த ‘ஸ்டர்’. பிறகுதான் ஆண்கள் வந்து சட்டமாக உட்கார்ந்துகொண்டார்கள், கேங்ஸ்டர் வரைக்கும். பதினெட்டு வருஷம், கழித்துப் போட்ட ப்ரூஃப் தாள்களின் பின்பக்கத்தில் எழுதிச் சேர்த்தாள். புத்தகமாக வர வேண்டும், அதில் தன் பெயர் இருக்க வேண்டும். வேறு ஆசையே கிடையாது.

கல்லூரி வாத்தியாரான தம்பி, “படிச்சுட்டுத் தர்றேன்க்கா” என்று கட்டோடு வாங்கிப்போனான். இதோ அதோ என்று இரண்டு வருஷம் இழுத்தடித்தான்.

போன வாரம் அவள் மேசைக்கு ஒரு ப்ரூஃப் வந்தது. மூன்றாம் பக்கத்திலேயே பேனாவைக் கீழே வைத்தாள். அத்தனையும் அவள் வாக்கியங்கள். ஆரம்பத்தில், அது லத்தீனிலிருந்து வந்த வேறு சொல் என்று தெரியாமல் மினிஸ்டரையும் இந்தக் கூட்டத்தில் சேர்த்திருந்தாள். அந்தத் தப்பைக்கூட விடாமல் அள்ளியிருந்தான் புண்ணியவான். முகப்பில் அவன் பெயர். நன்றியுரையில், ‘வேளாவேளைக்கு டீ போட்டுத் தந்த அக்காவுக்கு’ என்று ஒரு வரி.

போன் செய்தாள்.

“சும்மாதானே கெடந்துச்சு. என் பேர்ல வந்தா நாலு பேர் வாங்குவாங்க. நீ பாத்தா தப்பு வராதுன்னுதான் உங்க பிரஸ்ஸுக்கே குடுத்தேன். நமக்குள்ள என்னக்கா?”

“நமக்குள்ளங்கிறதாலதான்டா நம்பிக் குடுத்தேன்.”

போனை வைத்தாள். இருந்தாலும் தப்போடு விட மனசு வரவில்லை. மினிஸ்டரை நீக்கி, கடைசிப் பக்கம் வரை திருத்தினாள். பிறகு முகப்புத் தாளில் அவன் பெயரைச் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் தன் பெயரை எழுதினாள்.

முதலாளி பார்த்தார். “பேரை மாத்தணும்னா எழுதினவர் சம்மதிக்கணும்மா” என்று தாளைத் தம்பிக்கே அனுப்பிவைத்தார். எழுதினவராம்!

மறுநாள் காலை தாள் திரும்பி வந்தது. ஓரத்தில் இருந்த அவள் பெயர் அடிபட்டிருந்தது. அவன் பெயருக்குக் கீழே வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள். அடித்தது செல்லாது, இருந்தபடியே இருக்கட்டும் என்று அதற்கு அர்த்தம். அச்சகத்துக்கு வெளியே அதிகம் பேருக்குத் தெரியாத குறி. அவன் ஸ்கூலில் படிக்கும்போது பக்கத்தில் உட்காரவைத்து அவள்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள்.