விமானப் பாடமும் பக்கத்து சீட்டு கிளச்சும்

1. மேட்டில் நின்ற வண்டி

ஷகிலா பானு இரண்டாம் முறை ஃபெயிலான அன்று, டெஸ்ட் கிரவுண்டில் நாலு பேர் முன்னால் வைத்து அவரைத் திட்டினேன். அதிலிருந்தே தொடங்குகிறேன். இருபத்திரண்டு வருடம் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டராக இருந்தவன் எழுத உட்கார்ந்தால் தன் பெருமையில்தான் ஆரம்பிப்பான். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ஷகிலாவுக்கு வயது நாற்பத்து மூன்று. திருச்சி பாலக்கரையில் வீடு. அவர் கணவர் வளைகுடாவில் பல வருடம் உழைத்து, சர்க்கரையில் பார்வை மங்கி ஊர் திரும்பியவர். இருவரும் சமோசா, கட்லெட் செய்து கடைகளுக்குப் போடுகிறார்கள். அதற்காக வாங்கிய சின்ன லோடு வண்டி வாசலில் சும்மா நின்றது. வைத்திருந்த டிரைவர் வேறு வேலைக்குப் போய்விட்டார், கணவரால் இனி ஓட்ட முடியாது. காலேஜ் திறந்ததும் ஒரு கேன்டீனுக்குத் தினமும் சரக்குப் போட வேண்டும் என்று ஆர்டர் வந்திருந்தது.

"லைசென்ஸ் கிடைச்சா நானே ஓட்டுவேன் சார். கிடைக்கலைன்னா வண்டியைக் கொடுத்துட்டு வீட்டோட உட்கார வேண்டியதுதான்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

எங்கள் ஸ்கூல் புத்தூரில் இருக்கிறது. ஸ்கூல் காரில் மாஸ்டர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக், ஒரு கிளச் உண்டு. டெஸ்ட் அன்று அந்த சீட்டில் லைசென்ஸ் கொடுக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் உட்காருவார், நாங்கள் வெளியே நிற்போம். வளைவு, ரிவர்ஸ் எல்லாம் ஷகிலா நன்றாகவே போட்டார். மேட்டில் நிறுத்தி எடுக்கும் இடத்தில் மட்டும் மூன்று முறை வண்டி ஆஃப் ஆனது. முதல் டெஸ்டிலும் இதே மேடு, இதே கதை.

"கிளச்சுன்னா என்னன்னு தெரியுமாம்மா உங்களுக்கு? முப்பது நாளா தொண்டைத் தண்ணி வத்தக் கத்தினேன். செவுத்துக்கிட்ட சொல்லியிருந்தா அதாவது கேட்டிருக்கும்" என்றேன்.

அவர் அழவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார். "நீங்க பக்கத்துல இருந்தப்ப ஒரு தடவைகூட ஆஃப் ஆகலை சார். நீங்க இறங்கினா ஆஃப் ஆயிடுது. அது ஏன்?"

"பயம். வேற என்ன?" என்று வாயை அடைத்துவிட்டேன். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று ஒரு சமாதானம் எப்போதும் கைவசம் வைத்திருப்பேன். அன்றைக்கும் அதையே சொல்லிக்கொண்டு டீ குடிக்கப் போனேன்.

2. மாவுக்கட்டு

அடுத்த வாரம் காவிரியில் அம்மா மண்டபம் படித்துறையில் வழுக்கி விழுந்தேன். ஆனைக்கும் அடி சறுக்கும். எனக்கு முறிந்தது இடது கால், அதாவது கிளச் மிதிக்கிற கால். ஆறு வாரம் மாவுக்கட்டு.

ஷகிலாவை இன்னொரு மாஸ்டரிடம் போகச் சொல்லி போன் செய்தேன். "வேணாம் சார், நீங்களே வாங்க. உங்க திட்டு பழகிடுச்சு" என்றார். காலேஜ் திறக்க இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. காத்திருக்கிறேன் என்றார்.

ஸ்ரீரங்கத்தில் வீட்டுக்குள்ளேயே கிடந்து மனைவியையும் மகளையும் படுத்தி எடுத்தேன். மகள் கயல்விழி ஒரு காலேஜில் கம்ப்யூட்டர் பாடம் எடுப்பவள். பொறுக்க முடியாமல் தன் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்றைப் போட்டு, மேஜையில் ஒரு ஜாய்ஸ்டிக்கையும் வைத்தாள்.

"அப்பா, இதுக்குள்ளேயே பாடம் இருக்கு. முதல் பாடத்துலேருந்து ஒழுங்கா வாங்க."

"எனக்கா பாடம்? லாரி, பஸ், கார்னு பார்க்காத வண்டியா?"

நேராக ஓடுபாதைக்குப் போனேன். திருச்சி ஏர்போர்ட்டையே தேர்ந்தெடுத்தேன். வேகம் கூட்டினேன், வண்டி இடது பக்கம் இழுத்தது. ஸ்டியரிங்கைத் திருப்புகிற மாதிரி ஜாய்ஸ்டிக்கை வலது பக்கம் சாய்த்தேன். அது பாட்டுக்குப் புல்லில் இறங்கி வேலியில் போய் நின்றது. பத்து தடவை செய்தேன், பத்து தடவையும் புல்லுதான். சமையலறையிலிருந்து மனைவி ராஜேஸ்வரி எட்டிப் பார்த்தாள்.

"யாரைத் திட்டிட்டு இருக்கீங்க?"

"இந்த ஏரோப்ளேனை."

"அதுவாவது திரும்பத் திட்டாது. நல்லா திட்டுங்க" என்று உள்ளே போய்விட்டாள்.

மானம் போன பிறகுதான் முதல் பாடத்தைத் திறந்தேன். தரையில் ஓடும்போது விமானத்தைத் திருப்புவது கைவேலை இல்லை, கால் பெடல் வேலை என்று அங்கே தெரிந்தது. பெடல் இல்லாதவர்கள் ஜாய்ஸ்டிக்கை முறுக்க வேண்டுமாம். சாய்ப்பது எல்லாம் மேலே போன பிறகு. கார் ஓட்டியவன்தான் இந்தத் தப்பைக் கட்டாயம் செய்வான் போலிருக்கிறது.

3. திட்டாத குரல்

அந்தப் பாடங்களைப் பற்றி மனசாரச் சொல்ல வேண்டும். இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம். பக்கத்து சீட்டில் சொல்லிக்கொடுக்கும் அம்மா ஒருவர், குரல் மட்டும்தான். இங்கிலீஷ் என்றாலும் சின்னச் சின்ன வாக்கியம், கீழே எழுத்தும் வரும். எனக்குப் பிடிபட்டது.

ஒரு பாடத்துக்கு ஒரே ஒரு விஷயம். மூக்கைத் தூக்கு, இறக்கு, அவ்வளவுதான் முதல் பாடம். அது வரும்வரை வேறு எதையும் தொட விடவில்லை. நான் முதல் நாளே கிளச், கியர், கண்ணாடி, இண்டிகேட்டர், ஹாரன் எல்லாவற்றையும் அரை மணியில் கொட்டிவிட்டு, "புரிஞ்சுதா?" என்று கேட்கிற ஆள். முள் ஓடும் மீட்டர்களையே முறைத்துக்கொண்டிருந்தேன். வெளியே பாருங்கள், வானமும் தரையும் சேரும் கோடு மீட்டர் பலகைக்கு மேலே எங்கே நிற்கிறது என்று பாருங்கள் என்றது குரல். பார்த்தேன், விமானம் ஆடாமல் நின்றது. என்னிடம் வருகிறவர்களும் பானெட்டையே பார்த்துத்தான் ஓட்டுவார்கள். "முன்னாடி பாரு" என்று கத்துவேனே ஒழிய, முன்னாடி எதைப் பார்ப்பது என்று ஒருநாளும் சொன்னதில்லை.

தப்புச் செய்தால் பரவாயில்லை, மறுபடி செய்யலாம் என்றது. ஏழாவது முறையும் அதே குரலில்தான் சொன்னது. மெஷினுக்கு ஏது கோபம் என்று கேட்பீர்கள். உண்மைதான், அதற்கு என் முகமும் தெரியாது. வியர்த்து வழிந்தபோதும் அது பாட்டுக்கு அடுத்ததைச் சொல்லிக்கொண்டிருந்தது. தடாலென்று இறக்கியதற்கெல்லாம் அருமை என்று ஒரு பாராட்டு வேறு. இருக்கட்டும். இந்தப் பாடத்தை எழுதிய ஆசாமி யாரோ, எங்கே இருக்கிறாரோ, நிச்சயம் பயந்த மனிதர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்தவர். அவருக்கு ஒரு கும்பிடு.

நாலாவது வாரம் இறங்கும் பாடம். ஓடுபாதையை நெருங்கும்போது நான் ரொம்பத் தாழ்ந்துவிட்டேன். குரல் அவசரப்படாமல், "ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்றது. இப்போது விமானம் என் கையில் என்று அர்த்தம். அதைச் சொன்ன பிறகுதான் விமானம் தானாக மேலே ஏறியது. எங்கே பிசகினேன் என்று விளக்கியது. பிறகு, "யூ ஹேவ் கன்ட்ரோல்" என்று திருப்பிக் கொடுத்தது. இனி உன் கையில் என்று.

நான் ஜாய்ஸ்டிக்கை விட்டுவிட்டேன். விமானம் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. எனக்கு ஷகிலாவின் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டது.

மேட்டில் யாராவது கிளச்சைச் சட்டென்று விட்டால் வண்டி ஆஃப் ஆகும். பின்னால் பஸ்காரன் ஹாரன் அடிப்பான், அடுத்த ஆள் ஸ்கூல் வாசலில் காத்திருப்பார். அதனால் ஆஃப் ஆகப்போகிற நொடியில் என் பக்கத்து கிளச்சை மிதித்துவிடுவேன். சொல்லிவிட்டு மிதிப்பதில்லை. வாய் எதையோ கத்திக்கொண்டிருக்கும், கால் தன் வேலையைப் பார்க்கும். தொழிலில் எல்லாரும் செய்வதுதான். ஓட்டுகிறவரோ தான்தான் சரியாக எடுத்தோம் என்று நம்புவார். முப்பது நாளும் ஷகிலாவின் வண்டி ஆஃப் ஆகாமல் போனது என் காலால். டெஸ்டில் ஆஃப் ஆனதும் என் காலால்தான். இதற்கு நான் அவரைச் சுவர் என்று திட்டியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

4. கொள்ளிடக் கரை

கட்டுப் பிரித்து, டாக்டர் சரி என்ற பிறகு ஷகிலாவை வரச் சொன்னேன். டெஸ்டுக்கு எட்டு நாள் இருந்தது. கொள்ளிடக் கரைமேல் ஏறும் சாலையில் காரை நிறுத்தச் சொல்லி, முதலில் விஷயத்தைச் சொன்னேன்.

"நீங்க கேட்டீங்களே, நான் இருந்தா ஏன் ஆஃப் ஆகலைன்னு. நான்தாங்க மிதிச்சேன். உங்க கிளச்சை, என் பக்கத்துலேருந்து."

அவர் என்ஜினை நிறுத்தினார். "ஒவ்வொரு தடவையுமா?"

"ஆமாங்க."

"வீட்டுக்குப் போய் எனக்கு மண்டையே இல்லைங்கன்னு அவர்கிட்ட அழுதேன் சார். ரெண்டு தடவை. என் புள்ளைங்க முன்னாடி."

"வேணும்னு செய்யலைங்க. கால் பாட்டுக்குப் போயிடும்."

"கால் பாட்டுக்குப் போகுமா? கால் யாரோடது?"

அவர் கதவைத் திறந்து இறங்கிப் போய்க் கரையோரம் நின்றார். ஆட்டோ பிடித்துப் போய்விடுவார் என்றே நினைத்தேன். ஐந்து நிமிடம் கழித்து வந்து உட்கார்ந்தார்.

"இடது காலை சீட்டுக்கு அடியில இழுத்துக்கோங்க. எனக்குத் தெரியணும்."

இழுத்துக்கொண்டேன். வலது கால் பிரேக்குக்கு மட்டும். இன்னொன்றும் பேசி வைத்துக்கொண்டோம். நான் எதையாவது தொடுவதென்றால் "வண்டி என் கையில" என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவேன். விட்டதும் "வண்டி உங்க கையில" என்பேன். அவர் "என் கையில" என்று திருப்பிச் சொன்னால்தான் கணக்கு.

அன்று பதினான்கு தடவை ஆஃப் ஆனது. ஒவ்வொரு தடவையும் நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டு, "பரவாயில்லை, ஹேண்ட்பிரேக் போடுங்க, மறுபடி எடுப்போம்" என்றேன். ஒன்பதாவது தடவை அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"உடம்புக்கு முடியலையா சார்? திட்டவே மாட்டேங்கிறீங்க."

"பழகிட்டிருக்கேன்மா. எனக்கும் இது புதுசு."

மூன்றாம் நாள் கிளச் பிடிக்கும் இடம் அவர் காலுக்குத் தெரிந்துவிட்டது. அதை எந்த வாயாலும் சொல்லிக்கொடுக்க முடியாது. பலமுறை ஆஃப் ஆன காலுக்குத்தான் தெரியும்.

5. மூன்றாவது டெஸ்ட்

டெஸ்ட் அன்று ஷகிலாவின் கணவரும் வந்து வேப்ப மரத்தடியில் என்னோடு நின்றார். அவருக்குக் கார் நிழலாகத்தான் தெரியும். "மேட்டுக்கு வந்துட்டாளா?" என்று கேட்டார். "வந்துட்டாங்க" என்றேன். ஷகிலா நிறுத்தினார், எடுத்தார், வண்டி ஆஃப் ஆனது. கணவர் சத்தத்திலேயே கண்டுபிடித்துத் தலையைக் குனிந்துகொண்டார். நின்ற இடத்தில் என் இடது கால் மண்ணை அழுத்திக்கொண்டிருந்தது.

உள்ளே அவர் பதறவில்லை. ஹேண்ட்பிரேக்கை இழுத்தார், ஸ்டார்ட் செய்தார், வண்டி பின்னால் ஓர் அங்குலம்கூட உருளாமல் மேட்டில் ஏறிப் போனது.

இறங்கியதும் இன்ஸ்பெக்டர் எனக்கும் கேட்கும்படியே சொன்னார். "ஆஃப் ஆனா எல்லாரும் என் மூஞ்சியைத்தான் பார்ப்பாங்க. இவங்க ஹேண்ட்பிரேக்கைப் பார்த்தாங்க. பாஸ்மா, போயிட்டு வாங்க."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார் ஷகிலா. காலேஜ் திறக்க இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன், பொய் சொல்வானேன்.

"இந்த இருபத்திரண்டு வருஷத்துல என்னை மாதிரி எத்தனை பேரு சார் இருப்பாங்க?"

ஒரு தடவை, இரண்டு தடவை ஃபெயிலாகி, நமக்கு இது வராது என்று நின்றுவிட்ட முகங்கள் எனக்கு நினைவிருந்தன. அவர்களையும் திட்டித்தான் அனுப்பியிருந்தேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உதவி செய்வதென்றால் வாயால் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். சொல்லாமல் செய்த உதவி, ஓட்டுகிறவரிடமிருந்து திருடியதற்குச் சமம்.

மறுநாள் காலை ஸ்கூல் காரைத் திருவானைக்காவலில் எங்கள் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். என் பக்கத்தில் பிரேக் மட்டும் இருக்கட்டும், கிளச் பெடலைக் கழற்றிவிடுங்கள் என்றேன். அவர் ஸ்பானரோடு அப்படியே நின்றார்.

"என்ன சார் சொல்றீங்க? மேட்டுல வண்டி ஆஃப் ஆயிடுமே."

"ஆகட்டும்" என்றேன்.