நடுவில் இருந்த நிறம்

செக்கர் என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். பஸ்ஸில் ஏறி டிக்கெட் பரிசோதிக்கிற உத்தியோகம். பெற்ற தாய் எதிரில் வந்தாலும் ‘டிக்கெட்டைக் காட்டு’ என்பார் என்று டிப்போவில் கேலி செய்வார்கள். மனுஷன் டிக்கெட்டைப் பார்க்கவே மாட்டார். ஆளின் முகத்தைப் பார்ப்பார். திருட்டு முழி முழிக்கிறவன் எவ்வளவு நெரிசலில் நின்றாலும் கப்பென்று பிடித்துவிடுவார்.

அந்தச் சந்தேகம் டிப்போவோடு நின்றிருந்தால் தேவலை, வீட்டுக்கும் வந்துவிட்டது. பால் தண்ணீராக இருந்தால் பால்காரர் மேல் சந்தேகம், செருப்பு இடம் மாறியிருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் மேல். மனைவி சும்மா சிரித்தால்கூட எதற்குச் சிரிக்கிறாள் என்று யோசனை. அந்த அம்மா எப்படித்தான் குடும்பம் நடத்தினாரோ, போங்கள்!

அப்பேர்ப்பட்டவர் கொஞ்ச காலமாகத் தானே ஒரு திருட்டுத்தனம் செய்துகொண்டிருந்தார். கண் மங்கிக்கொண்டு வந்தது. முகமெல்லாம் புகைக்குப் பின்னால் போய்விட்டது. டாக்டரிடம் போனால் கண் சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிடுவார்; விசிலையும் பேட்ஜையும் வாங்கிக்கொண்டு டிப்போ மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள். அதைவிடப் பெரிய பயம், ‘இது சரியாகாது’ என்று சொல்லிவிட்டால்? ஆகவே யாரிடமும் மூச்சு விடவில்லை. பஸ்ஸில் குரலை வைத்துச் சமாளித்தார். வீட்டில் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தார். கேட்டால், “சுவரு உதிருதான்னு பார்க்கிறேன்” என்பார்.

அதுவே வினையாயிற்று. “அப்பாவே சொல்றாரு, சுவரெல்லாம் உதிருதாம். பெயிண்ட் அடிச்சிடலாம்மா” என்று மகள் ஆரம்பித்துவிட்டாள்.

கடையிலிருந்து கலர் கார்டு வந்தது. “அப்பா, ஹாலுக்கு இந்தச் சந்தனமா, இந்த இளமஞ்சளா?”

இரண்டும் ஒரே மங்கலாகத்தான் இருந்தது. “ரெண்டாவதா சொன்னியே, அது.”

“ஏங்க, நம்ம ரூமுக்கு?” என்றாள் மனைவி.

“உனக்கு எது பிடிக்குதோ அது.”

“நான் உங்களை இல்ல கேட்டேன்!”

செக்கருக்குச் சுருக்கென்றது. ஒரு தலையணை உறைக்குக்கூட அவர் அபிப்பிராயத்தைக் கேட்காதவள், இப்போது அறை அறையாகக் கேட்கிறாளே, ஏன்? இது பெயிண்டா, கண் பரீட்சையா? கார்டைப் பிடுங்கி டிக்கெட் மாதிரி சாய்த்துப் பார்த்துவிட்டு, “சுவத்துல அடிச்சுக் காட்டச் சொல்லு, அப்புறம் பேசலாம்” என்று தட்டிக் கழித்தார்.

அன்று சாயங்காலமே பெயிண்டர் ஹால் சுவரில் மாதிரி அடித்துவிட்டுப் போனார். தாயும் மகளும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றுகொண்டார்கள். “எதுங்க நல்லாயிருக்கு?”

செக்கர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். திட்டுத் திட்டாக என்னமோ இருந்தது. “இடது பக்கம் இருக்கிறது அழுது வடியுது. வலது பக்கம் கண்ணைக் குத்துது. நடுவுல இருக்கு பாரு, அதுதான் லட்சணம்! அதையே அடிக்கச் சொல்லு.”

இருவரும் சுவருக்குக் கிட்டே போய்ப் பார்த்தார்கள். பிறகு மகள், “சரிப்பா” என்றாள். மனைவி பேசாமல் சமையலறைக்குள் போய்விட்டாள். அப்பாடா, தப்பித்தோம் என்று செக்கர் நாற்காலியில் சாய்ந்தார்.

மறுநாள் காலையில் பெயிண்டர் அந்தச் சுவரைப் போட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தார். “நடுவுல ஈரம் இறங்கிக் கறையா நிக்குது சார். இதை எடுத்துட்டுத்தான் மேல அடிக்கணும்.”

“கறையா? அப்ப மாதிரி அடிச்சது?”

“இடது பக்கம் ஒண்ணு, வலது பக்கம் ஒண்ணு. ரெண்டுதானே சார்!”

கையும் களவுமாக மாட்டியாயிற்று. ஆனால் அது கறை என்று ஏன் இருவரும் சொல்லவில்லை? விழுந்து விழுந்து சிரித்திருக்க வேண்டாமா? சிரிக்கவில்லை என்றால் உள்ளே ஏதோ நடக்கிறது.

அன்றிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு அலைந்தார். ஒருநாள் மகள் போனில் குசுகுசுத்தாள்: “அப்பாவுக்கு இப்ப சொல்ல வேண்டாம்... திங்கட்கிழமைதானே? கூட்டிட்டு வந்துடறோம்.” டிப்போவுக்குத்தான் பேசுகிறாள்! பெற்ற பெண்ணே காட்டிக் கொடுக்கிறாளே என்று நெஞ்சு எரிந்தது. போதாததற்கு, அதன்பின் எந்த அறைக்கும் யாரும் அவரிடம் நிறம் கேட்கவில்லை. கேட்டபோது ஒரு சந்தேகம் என்றால் கேட்காதபோது ஒன்பது சந்தேகம்.

கடைசி நாள் பெயிண்டர் ஏணியை மடக்கிக்கொண்டிருந்தார். செக்கர் படுக்கையறைக்குள் போனார். பெயிண்ட் வாசனையே இல்லை. சுவரைத் தொட்டார், பழைய சுண்ணாம்பு கையில் உதிர்ந்தது. அவ்வளவுதான், ஹாலுக்கு வந்து வெடித்துவிட்டார்.

“எல்லா ரூமும் அடிச்சாச்சு, என் ரூம் மட்டும் வேண்டாமா? ஆளு ஒழிஞ்சான்னு முடிவே கட்டிட்டீங்களா? டிப்போவுக்கும் போன் போட்டாச்சு, இல்ல?”

“முதல்ல கத்தாதீங்க” என்றாள் மனைவி. “அங்கேருந்து இங்க வந்தீங்களே, சுவரைத் தடவினீங்களா?”

செக்கர் நின்றார். தடவவில்லை. அப்போதுதான் கவனித்தார். சுவரெல்லாம் வெளுப்பு, வாசற்கால் ஒவ்வொன்றும் கரு நீலம். சுவிட்சைச் சுற்றி நீலக் கட்டம். கொல்லைப் படியின் விளிம்பில் பட்டையாக மஞ்சள். அந்தப் புகைக்குள்ளேயும் வாசல் வாசலாக இருந்தது, படி படியாக இருந்தது.

“உங்க பொண்ணு போன் போட்டது கண் ஆஸ்பத்திரிக்கு. முன்னாடியே சொன்னா டூட்டியை மாத்திக்கிட்டு ஓடிடுவீங்க.”

“எப்பத் தெரியும் உனக்கு?”

“கறையைப் பார்த்து லட்சணம்னீங்களே! கல்யாணம் ஆன நாள்லேருந்து நீங்க ஒண்ணை நல்லாயிருக்குன்னு சொன்னதே அதுதான். அப்பவே புரிஞ்சுபோச்சு.”

மகள் களுக்கென்று சிரித்தாள். செக்கருக்குச் சிரிப்பு வரவில்லை. “அப்ப அந்த ரூம்?”

“கண்ணைக் காட்டிட்டு வந்து நீங்களே பார்த்துச் சொல்லுங்க. அதுவரைக்கும் அப்படியே கிடக்கட்டும்.”

“பார்க்கவே முடியாதுன்னு சொல்லிட்டாங்கன்னா?” இத்தனை நாளாக மறைத்து வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது.

அவள் கிட்டே வந்தாள். “அப்ப நான் பார்த்துச் சொல்றேன்.”

“நீ பச்சைன்னு சொல்லிட்டு வேற எதையாவது அடிச்சுட்டா?”

“அடிச்சாலும் அடிப்பேன்.”

செக்கர் பழக்கதோஷத்தில் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். கண் இருக்கிற இடம்கூடத் துலங்கவில்லை.

“சரி, நீ எதைப் பச்சைன்னு சொல்றியோ அதையே அடி” என்றார். “திங்கட்கிழமை நீயும் கூட வா.”