மாலை போட்ட வீட்டில் கரப்பான்பூச்சி

பள்ளிக்கூடம் விட்டு வந்த மகளின் கையில் ஸ்பிரிட் வாசனை அடித்தது. இன்று விஞ்ஞானப் பாடத்தில் செய்முறையாம். அந்த வாசனை என்னைக் கலஹா தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்த லயத்து வீட்டுக்கே கொண்டுபோய்விட்டது.

அப்பா ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்த மாதம் அது. நாங்கள்கூட அவரைச் சாமி என்றுதான் கூப்பிடுவோம். உயர்தர வகுப்பில் உயிரியல் எடுத்திருந்த அக்கா, செத்த கரப்பான்பூச்சியை ஸ்பிரிட் போத்தலில் போட்டுக் கொண்டுவந்தாள். வீட்டில் வெட்டிப் பழகாவிட்டால் கலைப்பிரிவுக்கு மாற வேண்டியதுதான் என்று அழுதாள்.

சித்தப்பா சிரித்தார். "சாமி வீட்ல கசாப்புக்கடை போடப் போறாளாம். பொம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு அண்ணே?"

"விரத வீட்டுக்குள்ள கூடாதும்மா," என்றார் அப்பா. அக்கா போத்தலை மூடினாள்.

பிறகு அப்பா ஒரு பலகையைத் தூக்கிப்போய் வெளியே கோழிக்கூட்டின் மேல் வைத்தார். "இங்க வச்சு வெட்டு. குளிச்சிட்டு உள்ள வா."

தூறல் விழுந்தது. அப்பாவே குடை பிடித்தார். முகத்தை மட்டும் மலைப்பக்கம் திருப்பிக்கொண்டு, வாய்க்குள் சரணம் சொன்னார்.

"சாமி, குடைய இந்தப் பக்கம் புடிங்க. பூச்சி நனையுது."

திரும்பிப் பார்க்காமலே நகர்த்தினார்.

இதை மகளிடம் சொன்னேன். "தாத்தா அப்ப என்னம்மா வேண்டிக்கிட்டாரு?" என்று கேட்டாள்.

"பூச்சிக்கு நல்ல கதி, பெரியம்மாவுக்கு பாஸ். பிறகு அவரே சொன்னாரு."

"ரெண்டும் நடந்துச்சா?"

"பூச்சியப் பத்தித் தெரியாது. பெரியம்மா இப்ப கண்டி ஆஸ்பத்திரியில ரத்தம் பரிசோதிக்கிறா."