மூன்றாவது கேமராவில் ராகிப்

எங்கள் ஒப்பனைப் பெண் தௌலத் பதினேழு வருஷம் ஒரு பொய்யைக் காப்பாற்றினாள். கெய்ரோவில் எங்கள் தொலைக்காட்சி நிலையத்து நாடா அறையில், ஓர் உருளையின் மேல் "கசங்கியது, இயந்திரத்தில் போடாதே" என்று எழுதி வைத்திருந்தாள். அப்போதெல்லாம் இரண்டங்குல நாடா யானை விலை குதிரை விலை. நாடகம் ஒளிபரப்பானதும் அதையே அழித்துவிட்டுப் பந்தாட்டத்தைப் பதிவு செய்வோம். கசங்கிய நாடாவை மட்டும் ஒருவரும் தொடமாட்டோம்.

அந்த உருளையில் இருந்த நாடகத்தில் அவள் கணவன் ராகிப் காப்பி கொண்டுவரும் பணியாளாக நடித்திருந்தான். ஒரே ஒரு வசனம். அடுத்த வருஷமே ஈரல் நோயில் போய்விட்டான். மகள் நாஹித் அப்போது கைக்குழந்தை. வளர்ந்தபின், அப்பா எப்படி நடப்பார் என்று கேட்கும்போதெல்லாம், "ஒரு நாள் காட்டுறேன்" என்பாள் தௌலத். ஆனால் போட்டுப் பார்த்தால் பொய் வெளிப்பட்டுவிடும்.

எண்பத்திரண்டில் ஓரங்குல நாடா இயந்திரங்கள் வந்தன. பழையவை போய்விட்டால் அந்த உருளையை ஓட்டவே முடியாது. அவற்றைக் கழற்றும் வாரத்தில் தௌலத் மகளோடு என்னிடம் வந்து நின்றாள்.

"அண்ணே, இதைப் புதுசுல ஏத்திக் குடுங்க."

"இது கசங்கினதாச்சேம்மா."

"கசங்கல. நான்தான் அப்படி எழுதினேன்."

"அடிப்பாவி! இத்தனை வருஷமா எங்க எல்லார் தலையிலயும் மிளகா அரைச்சிருக்கியே!"

நாடாவை ஓட்டினேன். நாயகி அழுதுகொண்டிருந்தாள். "காப்பி ஆறுதும்மா" என்றது ராகிப்பின் குரல். படத்தில் நாயகியின் முகம் மட்டும்தான். ஓரத்தில் ஒரு சட்டைக்கை வந்து போனது. அத்தோடு காட்சி மாறிவிட்டது.

"அப்பா எங்கம்மா?" என்றாள் நாஹித்.

பதிவன்று ஒப்பனை வேலையை முடித்துவிட்டு வந்திருந்தாள் தௌலத். கட்டுப்பாட்டு அறையில் என் பின்னால் நின்று, மூன்றாவது கேமராவின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ராகிப் முழுசாக நடந்து வந்தான். ஆனால் மூன்று கேமராவில் எதற்குப் பொத்தான் அழுத்துகிறோமோ அது மட்டும்தான் நாடாவில் ஏறும். இரண்டாவது கேமரா நாயகியின் முகத்தில் இருந்தது; இயக்குநர் "ரெண்டுலயே இரு" என்றார். மூன்றின் பொத்தான் என் விரலடியில் இருந்தது, நான் அழுத்தவில்லை. இதையெல்லாம் அவளுக்கு யார் சொன்னோம்?

எனக்கு வெட்கமாவது வந்திருக்க வேண்டும். வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

தௌலத்தும் அழவில்லை. கதவருகே போனாள். அங்கிருந்து இடது தோளைக் கொஞ்சம் சாய்த்து, தட்டைப் பிடித்திருப்பவள்போல் வெறுங்கையை ஏந்தி, என் மேசைவரை மெதுவாக நடந்து வந்தாள்.

"இப்படித்தான் நடப்பாரு," என்றாள் மகளிடம். "நல்லாப் பாத்துக்க."