பின்கதவுக்கு வெளியே வெந்நீர்

இந்த ஆளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கேட்கிறான்.

ஹரிகிருஷ்ணன் தன் போனை என் முன்னால் நீட்டியபோது எனக்குள் ஓடியது இது மட்டும்தான். அதற்குச் சற்று முன்னால் நடந்ததை அப்படியே சொல்கிறேன். நடந்தது. கனவில்லை. காய்ச்சலில்லை. ராத்திரியும் இல்லை. பட்டப்பகல், மணி மூன்று.

கொடைக்கானலில் நாயுடுபுரம் தாண்டி, சரிவின் விளிம்பில் அந்தப் பழைய பங்களா. வெள்ளைக்காரர்கள் கட்டியது. ஹரிகிருஷ்ணனின் அப்பா வாங்கியது. இப்போது காலைச் சாப்பாட்டோடு அறை விடுகிறான். எழுதி முடிக்காத நாவல் ஒன்றோடு நான் அங்கே போயிருந்தேன். அவனே சுற்றிக் காட்டினான். குளியலறைக்கு வந்ததும் அவன் குரலில் ஒரு குஷி.

“இந்தப் பின்கதவைப் பாருங்க மேடம். அந்தக் காலத்து சிஸ்டம். தண்ணி தூக்குறவங்க வீட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது. வெளிய சுத்தி வந்து, இங்க நின்னு, கூப்பிட்டாத்தான் உள்ள வரணும். கெஸ்ட் எல்லாம் இது முன்னாடி செல்ஃபி எடுப்பாங்க.”

பச்சைக் கதவு. உள்பக்கம் இரும்புத் தாழ்ப்பாள். அதன் மேலேயே தடிமனாகப் பெயிண்ட் பூசியிருந்தது. கதவும் தாழ்ப்பாளும் ஒன்றாக ஒட்டிப்போயிருந்தன.

எனக்குச் சுருக்கென்றது. சிரித்துவைத்தேன். கோபத்தை விழுங்கிவிட்டுச் சிரிப்பது எனக்குக் கைவந்த வேலை. குடித்தனம் கற்றுக்கொடுத்தது. விழுங்கியது செரிப்பதில்லை என்பதை அது கற்றுக்கொடுக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் நடந்துவிட்டு நனைந்து திரும்பினேன். கரண்ட் இல்லை. கீசர் ஓடாது. அங்கே வேலை செய்யும் முருகேஸ்வரி சமையலறைக்கு வெளியே விறகடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். பங்களாவுக்குப் பின்னால் ஒற்றை அறையில் கணவரோடு குடியிருந்தார். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பைச் சொல்வதுபோல, அந்த அறையை ‘லயம்’ என்றுதான் சொல்வார். கணவரின் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தது.

“செத்த இருங்க, வெந்நி வெரசா கொண்டாந்துருவேன். ஈரத்தோட நின்னு சளியப் புடிச்சுக்கிட்டு, அப்புறம் கொடைக்கானல் சரியில்லம்பீங்க.”

சிரித்துக்கொண்டே உள்ளே போனேன். துண்டைச் சுற்றிக்கொண்டு குளியலறையில் நின்றேன். ஜன்னலில் பனிமூட்டம் வந்து அப்பியது. வெளியே மரங்கள் இல்லை. மலை இல்லை. வெள்ளை மட்டும்.

ணங்.

இரும்பு வாளியின் கைப்பிடி விளிம்பில் விழுகிற சத்தம். பின்கதவுக்கு வெளியே.

பிறகு தட்டல். விரலால் இல்லை. இரண்டு கையிலும் சுமை வைத்திருப்பவர்கள் முழங்கையால் இடிப்பார்களே... அப்படி.

“தண்ணி கொண்டாந்திருக்கேங்க.”

முருகேஸ்வரி ஏன் சுற்றி வருகிறார்? இன்னமும் இவர்களை இப்படித்தான் நடத்துகிறானா? எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

“நில்லுங்க, தொறக்கறேன்.”

தாழ்ப்பாளை இழுத்தேன். அசையவில்லை. மறுபடி இழுத்தேன். நகம் பிய்ந்தது.

“ஆறிருதுங்க...”

“உள்பக்கமா வாங்க!”

“உள்ள வரக் கூடாதுங்க...”

பல் அடித்துக்கொள்ளும் சத்தம் பலகை வழியாகக் கேட்டது. கதவின் அடியில் தண்ணீர் கசிந்து என் பாதத்தைத் தொட்டது. கதகதப்பாக இருந்தது.

உடனே சில்லிட்டது.

கால்விரல் மரத்தது.

“இன்னும் நிக்கவாங்க...?”

குரல் இப்போது முகத்துக்கு நேராக இல்லை.

கீழே. தரையோடு தரையாக.

டொக் டொக்.

இது என் முதுகுக்குப் பின்னால். அறைப்பக்கம்.

“வெந்நி வந்திருச்சுங்க. தொறங்க.”

முருகேஸ்வரி. கையில் ஆவி பறக்கும் வாளி.

என்னைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். வாளியை மெல்லக் கீழே வைத்தார்.

“அவுககிட்ட என்ன சொன்னீங்க?”

“நில்லுங்கன்னு...”

கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, ஈரத்தைத் துடைத்தபடியே சொன்னார்.

“எங்க மாமியா. கந்தம்மாள். நான் பாத்ததில்லைங்க. சிலோன்லருந்து வந்த வருசம், மார்கழி, உறைபனி. வெள்ளனே தண்ணி தூக்கியாந்து இந்தக் கதவத் தட்டியிருக்காக. உள்ள இருந்தது நம்ம மொதலாளியோட அப்பா. ‘நில்லு’ன்னுட்டு மறுபடி தூங்கிட்டாரு. போன்னு சொல்லாம போகக் கூடாது, அதான் சட்டம். வெயில் வந்தப்ப வாளித் தண்ணி மேல பனி ஏடு கட்டிக் கெடந்துச்சாம். அவுகளும் அது பக்கத்துலயே வெறச்சுக் கெடந்தாக. எங்க வீட்டுக்காரருக்கு அப்ப மூணு வயசு. வாய மூடுறதுக்கு அந்த லயத்தக் குடுத்தாக, காலத்துக்கும் இருந்துக்கங்கன்னு.”

உடுத்திக்கொண்டு வெளியே வந்தேன். பங்களாவைச் சுற்றிப் பின்பக்கம் போனேன். பாதை பாதியில் முடிந்துவிட்டது. ஏதோ ஒரு மழையில் மண் சரிந்து, படிகளையும் கொண்டுபோயிருந்தது. பச்சைக் கதவின் கல்வாசல் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே பள்ளம். பனி.

நிற்க ஒரு சாண் இடம் இல்லை.

ஹரிகிருஷ்ணன் வராந்தாவில் இருந்தான். சொன்னேன். அவன் திடுக்கிடவில்லை. யார் என்றுகூடக் கேட்கவில்லை.

“முருகேஸ்வரி சோலிதான் மேடம் அது. பயமுறுத்துறா. முன்னாடியே ஒரு கெஸ்ட் கம்ப்ளைன்ட் பண்ணிட்டாங்க. நீங்களும் ரிவ்யூல ஒரு வரி போட்டீங்கன்னா அவங்களக் காலி பண்ண வச்சிரலாம். அந்த இடத்துல காட்டேஜ் போடப் போறேன்.”

போனை நீட்டினான்.

அவனுக்கு டீ கொண்டுவந்த முருகேஸ்வரி தட்டோடு எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றார். அவர் காதில் எல்லாம் விழுந்தது.

“அந்தத் தாழ்ப்பாள் மேல பெயிண்ட் அடிச்சது யாரு?” என்று கேட்டேன்.

அவன் போனை இன்னும் கிட்டத்தில் நீட்டினான்.

ணங்.

குளியலறைப் பக்கமிருந்து.

முழங்கையால் ஒரு தட்டல். இன்னொரு தட்டல்.

முருகேஸ்வரி எங்கள் கண் முன்னால் இருந்தார். மூவருக்கும் கேட்டது. அவன் முகத்தில் ரத்தம் இல்லை. ஆனாலும் நீட்டிய போனைப் பின்னால் இழுக்கவில்லை.

“எழுதுங்க மேடம்...”

வந்த கோபத்தை இந்த முறை விழுங்கவில்லை. சத்தமும் போடவில்லை.

“மாட்டேன்,” என்றேன்.