இரண்டடி கெர்ஜாசாமா

என் கணவருக்கு ஒரு கழுத்தைக் காட்டினால் போதும் — மாலை போட்டுவிடுவார்.

தப்பாக நினைக்காதீர்கள். அவர் எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டார வணிகர் சங்கத்தின் செயலாளர். சொந்தத் தொழில் பாத்திரக்கடை. ஆனால் இட்லிச் சட்டி விற்ற நேரத்தைவிட மாலையும் பொன்னாடையும் தூக்கிக்கொண்டு அலைந்த நேரம்தான் அதிகம். புது அதிகாரி பதவிக்கு வந்தால் மாலை. அவரே மாற்றலாகிப் போனால் அதற்கும் மாலை. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குச் சங்கம் புத்தகப்பை கொடுக்கும். கொடுக்க வரும் பிரமுகருக்கு ஆளுயர மாலை. ரத்ததான முகாம் நடத்தினார்கள். ரத்தம் கொடுத்தவர்களுக்கு ஒரு கப் மைலோ, எட்டிப் பார்த்துவிட்டுப் போனவருக்கு மாலை!

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்கு ஒரு முழம் மல்லிகை வாங்கி வந்திருக்கிறாரா? நீங்கள் கேட்காதீர்கள்... நானும் கேட்பதில்லை.

அப்பேர்ப்பட்ட மனிதர் போன புதன்கிழமை ஓர் அதிகாரியைப் பார்க்க வெறுங்கையோடு கிளம்பினார். சாலாக் செலாத்தானில் எங்கள் வீட்டு வாசலில் நின்று காலில் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தார். கையில் ஃபைல் மட்டும்தான் இருந்தது. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"மாலை எங்கங்க?"

"மாலை கட்டுறவங்களுக்குத்தானே நோட்டிஸ் வந்திருக்கு. அவங்ககிட்டயே போயி, உங்களுக்கு நோட்டிஸ் குடுத்த ஆபீசருக்கு நல்லதா ஒரு மாலை கட்டிக் குடுங்கன்னு எப்படி கேக்கிறது?"

அட, நம்ம ஆளுக்குக்கூட கூச்சம் வருமா!

விஷயம் இதுதான். லெட்சுமி அக்காவை பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் போகிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். கடை வரிசைக்கு முன்னால் கூரைக்குக் கீழே ஓடுகிற நடைபாதை இருக்கிறதே — நாம் அஞ்சடி என்போம் — அங்கே ஒரு மேசை போட்டுப் பூ விற்கிறார். கனகாம்பரம், சம்பங்கி, ஜாதிமல்லி. சாமிக்கும் அங்கேதான், மாப்பிள்ளைக்கும் அங்கேதான், சங்கத்துப் பிரமுகருக்கும் அங்கேதான். கணவர் போன பிறகு அந்த ஒரு மேசையை வைத்து மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தார். கடைசிப் பெண் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறாள்.

அதே அஞ்சடியில்தான் மஞ்சள் டைல்ஸ் பதித்திருக்கிறார்கள். புடைப்புப் புடைப்பாக, காலுக்குத் தட்டுப்படும். நமக்கு அது அழகுக்குப் போட்ட மாதிரி தெரியும். பார்வையில்லாதவர்களுக்கு அதுதான் ரோடு. எங்கள் வட்டாரத்தில் அவர்கள் நிறையப் பேர் நடமாடுகிறார்கள். நாம்தான் அந்த டைல்ஸின் மேல் நின்றுகொண்டு வாட்ஸ்அப் பார்ப்போம்.

லெட்சுமி அக்காவின் மேசையின் இரண்டு கால்கள் அந்த மஞ்சள் டைல்ஸ் மீது நின்றன. பக்கத்தில் பூவுக்குத் தண்ணீர் தெளிக்கிற வாளி. தேவராஜ் என்று ஒருவர் — பார்வையில்லாதவர், பக்கத்துத் தெருவில் மசாஜ் நிலையம் வைத்திருக்கிறார் — ஒருநாள் வாளியில் இடறி விழுந்தார். முழங்கை பெயர்ந்துவிட்டது. லெட்சுமி அக்காதான் பூவை அப்படியே போட்டுவிட்டு அவரை கிளினிக்குக்கு அழைத்துப் போனார். தேவராஜ் மாநகர மன்றத்துக்குப் புகார் கொடுத்தார். மன்றத்திலிருந்து நோட்டிஸ் வந்தது. மாதக் கடைசிக்குள் மேசையை எடுத்துவிட வேண்டும்.

"அவரு புகார் குடுத்தது தப்பில்லம்மா" என்றார் லெட்சுமி அக்கா என்னிடம். "விழுந்தவருக்குத்தானே வலி தெரியும். ஆனா மேசை போச்சுன்னா நான் எங்க போவேன்? கடை எடுக்கிற வாடகைக்கு நான் பூவ தங்கத்துலதான் கட்டணும்." சொல்லிக்கொண்டே நாரைச் சுண்டி முடிச்சுப் போட்டார். பேசும்போதும் கை நிற்கவில்லை.

சங்கம் கொதித்தெழுந்தது. அவசரக் கூட்டம் போட்டார்கள், கறிபஃப் சாப்பிட்டார்கள், மகஜர் எழுதத் தீர்மானித்தார்கள். தலைவர் முத்தையா அண்ணன் மேசையைத் தட்டி, "நம்ம ஆளுங்க வயித்துல அடிக்க விடக்கூடாது!" என்று முழங்கினார். முத்தையா அண்ணன் பட்டுச் சேலைக்கடை முதலாளி. நல்ல மனிதர். மைக் கிடைத்தால் இன்னும் நல்ல மனிதர்.

மகஜரை மலாயில் எழுதியது என் கணவர். அவர் எழுதும் எல்லா மகஜரிலும் ஒரு வார்த்தை கட்டாயம் இருக்கும் — கெர்ஜாசாமா. ஒத்துழைப்பு என்று அர்த்தம். ஒத்துழைப்பை நாடுகிறோம், ஒத்துழைப்புக்கு நன்றி, ஒத்துழைப்பு தொடர வேண்டும்... சமையலில் உப்பு மாதிரி எங்கும் தூவுவார். இந்த முறை முடிவில், 'எங்கள் சங்கம் எந்தவிதமான கெர்ஜாசாமா வழங்கவும் தயாராக உள்ளது' என்று முத்தாய்ப்பு வைத்திருந்தார். யார், என்ன, எங்கே என்று யாராவது கேட்பார்களா என்ன?

கேட்டார்கள். அதற்குத்தான் வருகிறேன்.

புதன்கிழமை நானும் போனேன். போட்டோ எடுக்க. மகஜர் கொடுப்பதே போட்டோவுக்குத்தான் என்பது உங்களுக்குத் தெரியாததா? தலைவர், என் கணவர், லெட்சுமி அக்கா, நான். அக்கா நல்ல சேலை கட்டி வந்திருந்தார். தலையில் மட்டும் பூ இல்லை. அவரை நான் பூ இல்லாமல் பார்த்ததே கிடையாது.

அதிகாரி ஒரு மலாய்ப் பெண்மணி — 'புவான்', அதாவது அம்மா, என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவோம். அறைக்குள் நுழைந்தால்... அங்கே ஏற்கெனவே தேவராஜ் உட்கார்ந்திருக்கிறார்! மடித்த வெள்ளைத்தடி மடியில். இரண்டு தரப்பையும் சேர்த்தே கூப்பிட்டிருக்கிறார் புவான். முத்தையா அண்ணன் வழிநெடுக ஒத்திகை பார்த்து வந்த பேச்சில் தேவராஜுக்குத் தனியாக ஒரு பத்தி இருந்தது, அவ்வளவு மரியாதையான பத்தி இல்லை. அதை அவர் எச்சிலோடு சேர்த்து விழுங்கியதை நான் பார்த்தேன்.

முதலில் தேவராஜைப் பேசச் சொன்னார் புவான். அவர் மலாயில் சொல்லிவிட்டு, எங்கள் பக்கம் திரும்பித் தமிழிலும் சொன்னார்.

"நான் கடைய எடுங்கன்னு எங்கயும் சொல்லல. வழிய விடுங்கன்னுதான் சொன்னேன். டைல்ஸ் மேல இருக்கிறத நகர்த்துங்க, முடிஞ்சது லா. நம்ம சங்கத்துல இருந்து ஒருத்தர்கூட என்கிட்ட வந்து கேக்கலையே?"

என் கணவர் ஃபைலைத் திறந்து பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை என்று அவருக்கே தெரியும்.

நினைத்துப் பாருங்கள். கூட்டம் போட்டோம், கொதித்தோம், கறிபஃப் தின்றோம். புகார் கொடுத்தவர் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார். நடந்து போனால் ஒரு தே தாரேக் டீ ஆறுவதற்குள் போய்விடலாம். ஒரு பயல் போகவில்லை. நானும்தான்.

புவான் அஞ்சடியின் படத்தைக் காட்டினார். மஞ்சள் டைல்ஸுக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டடிக்கு மேல் இடம் சும்மா கிடந்தது. ஒடுக்கமாக ஒரு மேசை தாராளமாகப் போடலாம். "சுவரோடு ஒட்டிப் போட்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை. பின்னால் இருக்கும் கடைக்காரர் சம்மதித்தால் போதும்" என்றார்.

அப்பாடா, இவ்வளவுதானா! நான் ஃபோனைத் தூக்கிப் போட்டோவுக்குத் தயாரானேன்.

யாரும் அசையவில்லை. லெட்சுமி அக்கா தரையைப் பார்த்தார். என் கணவர் ஜன்னலைப் பார்த்தார். முத்தையா அண்ணன் தலைக்கு மேலிருந்த ஏர்கானைப் பார்த்தார், ஏதோ அதிலிருந்து பதில் வரும் என்பதுபோல.

"பின்னால் யாருடைய கடை?" புவான் கேட்டார்.

கடைசியில் லெட்சுமி அக்காதான் மெதுவாகச் சொன்னார். "அண்ணனோடது."

அட ராமா!

அப்புறம்தான் கதை வெளியே வந்தது. ஆரம்பத்தில் அக்கா மேசையைச் சுவரோடு ஒட்டித்தான் போட்டிருந்தார். அங்கே முத்தையா அண்ணன் சுவரில் பெரிய கண்ணாடி வைத்து, உள்ளே பட்டுச் சேலை கட்டிய நாலு பொம்மைகளை நிறுத்தினார். மேசை கண்ணாடியை மறைக்கிறது, கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்ளம்மா என்றார். அக்கா தள்ளிப் போட்டார். அப்போது மஞ்சள் டைல்ஸ் கிடையாது. பிற்பாடு அது வந்தது, மேசையின் காலுக்குக் கீழேயே வந்தது. அண்ணனை எதிர்த்துப் பேச அக்காவுக்கு மனசில்லை. அண்ணனுக்கோ... உண்மையிலேயே மறந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். நாம் அடுத்தவரைத் தள்ளி நிற்கச் சொன்னதெல்லாம் நமக்கு ஞாபகம் இருக்குமா?

"புவான், தீபாவளி வருது... கண்ணாடி மறைஞ்சா வியாபாரம்..." என்று இழுத்தார் அண்ணன். வயிற்றில் அடிக்க விடமாட்டேன் என்று முழங்கிய அதே குரல், பாவம், பாதிதான் வந்தது.

புவான் மகஜரை எடுத்தார். கடைசி வரியில் விரலை வைத்தார். சிரிக்காமல் வாசித்தார். 'எந்தவிதமான கெர்ஜாசாமா வழங்கவும்...'

என் கணவர் காது சிவந்ததை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். எழுதிய பாவம்!

ஆனால் அண்ணனுக்கு இன்னும் மனசு வரவில்லை. பொம்மைகளுக்குப் புதுச் சேலை கட்டிவிட்டாராம், லைட்டுக்குச் செலவு செய்துவிட்டாராம். லெட்சுமி அக்காவின் கை, நாரே இல்லாமல் முந்தானையில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு என்னால் போட்டோ எடுக்க முடியவில்லை. ஃபோனைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

அப்போதுதான் தேவராஜ் தொண்டையைச் செருமினார்.

"அண்ணே, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நான் உங்க கடையத் தாண்டித்தான் தினமும் போறேன், வரேன். உங்க கண்ணாடிக்குள்ள என்னா இருக்குன்னு இன்னிக்கு வரைக்கும் நான் பார்த்ததே இல்ல. எனக்கு ஒரு குறையும் வரல லா!"

சிரிக்கலாமா கூடாதா? தேவராஜே முதலில் சிரித்தார், வயிறு குலுங்க. லெட்சுமி அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். நான் பொத்தவில்லை. புவானுக்கு என் கணவர் மொழிபெயர்த்துச் சொல்ல, அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். கடைசியாக முத்தையா அண்ணன் சிரித்தார். சிரித்த பிறகு ஒரு மனிதரால் பிடிவாதமாக உட்கார்ந்திருக்க முடியுமா?

"சரி தங்கச்சி" என்றார் லெட்சுமி அக்காவைப் பார்த்து. "சுவரோட போட்டுக்க. பொம்மைக்கு இடுப்புக்கு மேலதானே அழகு, மேசை மறைக்காது."

அக்கா எழுந்து நின்று கும்பிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கடைகளுக்கு இடம் வேண்டும் என்று நாம் அரசாங்கத்தைக் கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான், சங்கம் இருப்பதே அதற்காகத்தான். ஆனால் சில நேரம் அந்த இடம் நம் பக்கத்து ஆளிடமே இருக்கிறது. கேட்க வெட்கப்படுகிறோம், கொடுக்க மறந்துபோகிறோம். அந்த இரண்டடிக்கு நாம் அரசாங்கம் உட்கார்ந்திருக்கிற புத்ராஜெயா வரை மகஜர் தூக்குவோம்!

ஞாயிற்றுக்கிழமை மேசையை நகர்த்தினார்கள். சங்கம் சும்மா நகர்த்துமா? அஞ்சடி முழுக்கக் கோத்தோங்-ரோயோங், அதாவது எல்லாரும் கூடிச் செய்கிற வேலை. கூட்டித் தள்ளி, கழுவிவிட்டு, மஞ்சள் டைல்ஸை பிரஷ் போட்டுத் தேய்த்தார்கள். முத்தையா அண்ணனே கால்சட்டையை மடித்துவிட்டுத் தண்ணீர் பாய்ச்சினார். எல்லாம் முடிந்ததும் தேவராஜை நடந்து பார்க்கச் சொன்னார்கள்.

டக், டக் என்று தட்டிக்கொண்டு வந்தார். பூ மேசையைத் தாண்டினார், தடையில்லை. வாளி இருந்த இடத்தைத் தாண்டினார், தடையில்லை. கைதட்டப் போன நேரத்தில், டங்! தடி ஓர் இரும்புக் காலில் மோதியது.

"இது யாரு கடை?" என்றார் தேவராஜ்.

கடை இல்லை. பேனர் ஸ்டாண்டு. டைல்ஸின் நட்டநடுவே நின்றது. 'நடைபாதையை மறைக்காதீர்' என்று பெரிய எழுத்தில் போட்டு, கீழே சங்கத்தின் பெயர், தலைவர் படம், செயலாளர் படம். அன்று காலையில் வைத்த கை யாருடையது என்று நான் சொல்ல மாட்டேன். குடும்பம் நடத்த வேண்டுமே.

அன்று மத்தியானம் அவர் வீட்டுக்கு வந்தபோது கையில் வாழையிலைப் பொட்டலம். பிரித்தால் ஒரு முழம் மல்லிகை, தண்ணீர் சொட்டச் சொட்ட. நீட்டிக்கொண்டு நிற்கிறார், சிரித்த முகமாக.

எனக்கு வாயில் என்ன வந்திருக்க வேண்டும்? என்ன வந்தது தெரியுமா?

"எந்த ஆபீசருக்கு?"