பிளாக்கி தின்ற பஞ்சாமிர்த ஐஸ்

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அந்தப் பெருமையில் எங்கள் நாய் பிளாக்கியின் தீனியையும் நானே முடிவு செய்வேன். மலேசியாவில் எங்கள் ஊரான சிம்பாங் ரெங்கத்தின் வெயிலுக்குப் பப்பாளியை அரைத்து உறைய வைத்துக் கொடுப்பேன். ஒருநாள் கோயில் பஞ்சாமிர்தம் மீந்தது. அதையும் உறைய வைத்துக் கொடுத்தேன். பிளாக்கி அதைத் தின்பதைப் படமெடுத்து, நாய் வளர்க்கும் தோழி மாலதிக்கு அனுப்பினேன்.

உடனே அழைத்தாள். "அலமாக்! அதுல கிஸ்மிஸ் இருக்குமே! நாய்க்குக் கிட்னி போயிடும்டி!"

"சாமி பிரசாதம் லா!"

"சாமிக்கு ஒண்ணும் ஆகாது. பிளாக்கிய தூக்கிட்டு கிளினிக்குக்கு ஓடு!"

மருத்துவர் ஊசி போட்டு வாந்தியெடுக்க வைத்தார். உலர்ந்த திராட்சைகள் முழுசாக வெளியே வந்தன. "சீக்கிரம் வந்தீங்க, பொழச்சிடுச்சு" என்றார்.

இப்போதும் ஐஸ் செய்வது நான்தான். விதை நீக்கிய பப்பாளியும் தர்பூசணியும் மட்டும் சேர்க்கிறேன். புதிதாக எதைச் சேர்ப்பதானாலும் மருத்துவரைக் கேட்ட பிறகே அச்சில் ஊற்றுகிறேன்.